என் கைபேசி நடந்த பாதயாத்திரை

எங்கள் வீட்டில் நேர்ச்சை வைப்பது ஒருவர், அதை நிறைவேற்றுவது இன்னொருவர். எனக்கு எட்டு வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது அம்மா நேர்ந்துகொண்டது அப்பாவின் மீசையை. நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறியதற்காக ஒரு வருடம் காபியை விட்டவரும் அப்பாதான். அம்மாவின் பக்தியில் குறை சொல்ல முடியாது. மாதாவிடம் கேட்பதை வாய் நிறையக் கேட்பாள். பதிலுக்குக் கொடுப்பது மட்டும் பக்கத்தில் நிற்பவருடையதாக இருக்கும்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்கே இதயத்தில் அடைப்பு என்று ஆகி, பைபாஸ் செய்ய உள்ளே கொண்டுபோனார்கள். வழக்கமாகப் பலியாகிறவர் மேஜைமேல் படுத்திருந்ததால், மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான்.

அந்த ஐந்து மணி நேரமும் ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா என் கையை விடவே இல்லை. டாக்டர் வெளியே வந்து "நல்லா இருக்காரு" என்று சொன்னதும் நான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். அம்மா அழவில்லை. கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றாள். பிறகு என் தலையில் கையை வைத்து, "ஜெரி, வேளாங்கண்ணிக்கு என் மகன் நடந்தே வருவான்னு மாதாகிட்ட சொல்லிட்டேன்டா" என்றாள்.

அந்த நிமிடத்தில் இமயமலைக்கு முட்டிபோட்டு வரச் சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன். மயிலாப்பூரிலிருந்து வேளாங்கண்ணி முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்பதெல்லாம் அப்பா வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. நான் பெருங்குடியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவன். இரண்டாவது மாடிக்கே லிஃப்டுக்காகப் பத்து நிமிடம் நிற்கிற ஜாதி.

அம்மாவின் நேர்ச்சைச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு. யாரைச் சொல்லி நேர்ந்துகொண்டாளோ அந்த ஆள் கைவிட்டால், அவளே அதைச் செய்து முடிக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து போனவை. எங்கள் வீட்டு மாடிப்படி பதினாறையும் ஏற நடுவில் ஒருமுறை நின்று மாதாவைக் கூப்பிடுவாள். "நீ நடக்கலன்னா நான் நடப்பேன், அவ்ளோதான்" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். அம்மா கத்தினால் நாங்கள் யாரும் பயப்பட மாட்டோம். சாதாரணமாகச் சொன்னால்தான் பயம்.

துணைக்கு இரண்டு நண்பர்கள் சேர்ந்தார்கள். ஒருவன் ரீகன், பக்கத்து வீட்டுக்காரன், ஏற்கெனவே ஐந்து முறை நடந்தவன். இன்னொருவன் வெங்கட், ஆபீசில் என் பக்கத்து நாற்காலி. மயிலாப்பூர் கோயில் மாட வீதி பக்கத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். அவனுக்கும் வேளாங்கண்ணிக்கும் என்ன சம்பந்தம் என்றால், அவன் கையில் கட்டியிருந்த, நடையை எண்ணும் கடிகாரம்தான் சம்பந்தம். ஒருநாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. முப்பது அடி குறைந்தால்கூட, வராத ஒன்றுக்குப் போய்விட்டு வருவான். நான் விஷயத்தைச் சொன்னதும், "முந்நூறு கிலோமீட்டரா! நானும் வரேன்டா, ஆத்துல நான் சொல்லிக்கறேன்" என்றான். அவன் அம்மா, முட்டை மட்டும் சாப்பிடாதே என்று சொல்லி அனுப்பிவைத்தாராம்.

பயிற்சிக்கு முதலில் ஷூ வேண்டும் என்று தி.நகருக்குப் போனேன். (நடந்து இல்லை, ஆட்டோவில்.) ஒன்பதாம் நம்பரில் சாம்பல் நிறம்தான் இருந்தது. எட்டில் பளபளவென்று நீலம். கடைக்காரர் "போடப் போட விட்டுக்குடுக்கும் சார்" என்றார். முந்நூறு கிலோமீட்டருக்கும் நீலத்தில் நடப்பது என்று முடிவு செய்தேன். முப்பத்தொரு வயதில் என் அறிவு அவ்வளவுதான். பயிற்சி என்று பார்த்தால், அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறு வரை போய், போளி சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் திரும்பியதுதான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு விடியற்காலை கிளம்பினோம். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. காவி வேட்டி, கழுத்தில் சாமந்தி மாலை, காலில் நீல ஷூ. ஆளாளுக்கு மெழுகுவத்தியைக் கையில் திணித்து, தன் பெயரைச் சொல்லி மாதாவிடம் ஏற்றச் சொன்னார்கள். நான் ஒரு சின்ன உரைகூட ஆற்றினேன். "நடை என்பது உடலால் செய்யும் ஜெபம்" என்றேன். எங்கே படித்தேனோ தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு அன்றுதான் அப்பா முதல்முறையாகப் படியிறங்கித் தெருவுக்கு வந்திருந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, "முடியலன்னா போன் பண்ணுடா" என்றார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார்.

கிளம்புவதற்கு முன்னால் இன்னொரு காரியமும் செய்திருந்தேன். நாம் இருக்கும் இடத்தை வரைபடத்தில் நேரலையாக ஒரு புள்ளி காட்டிக்கொண்டே இருக்குமே, லைவ் லொகேஷன், அதை அம்மாவின் கைபேசியில் எப்படிப் பார்ப்பது என்று நானே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். "எட்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அனுப்புறேன்மா. நீ வீட்ல உக்காந்தே என்கூட வரலாம்" என்று பெருமை வேறு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

எங்கள் குழுவில் நாற்பது பேர். முன்னால் சின்னத் தேர், அதை இழுப்பவர்களில் ரீகன். பின்னால் சாமான் வண்டி, மேலே ஒலிபெருக்கி கட்டிய ஒரு மினி வேன். அதற்கு ஓட்டுநர், சமையல்காரர், மொத்தக் குழுவுக்கும் தலைவர் எல்லாம் ஒரே ஆள், சைதாப்பேட்டை சூசை அண்ணன். முடியாதவர்கள் வேனில் ஏறிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. கிளம்பும்போது அதைக் கேட்டுவிட்டு, பாவம் வயசானவர்களுக்கு வசதி என்று மனதுக்குள் பாராட்டினேன்.

அடையாறு பாலம் வரை தேருக்கு முன்னால் பாடிக்கொண்டு போனவன் நான். திருவான்மியூரில் இடது குதிகால் முணுமுணுத்தது. நீலாங்கரையில் இரண்டு காலும் பேச ஆரம்பித்தன. பாட்டு நின்றது. எழுபது வயது அம்மாக்கள் வெறுங்காலில், தலையில் துணி மூட்டையோடு, "தம்பி, கொஞ்சம் ஓரமா வாப்பா" என்று சொல்லி என்னைத் தாண்டிப் போனார்கள். உத்தண்டி வரும்போது குழுவில் எனக்குப் பின்னால் இருந்தது வேன் மட்டும்தான். ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். கழற்றியது தப்பு. கால் வெளியே வந்து மூச்சு விட்டது. திரும்ப உள்ளே போக மறுத்துவிட்டது.

சூசை அண்ணன் வண்டியை நிறுத்தி இறங்கிவந்து பார்த்தார். "இன்னா நைனா, காலு பூரி மாரி உப்பிக்கினு கீது" என்றார். "ஏறு வண்டில. நாளைக்கு ஆறிடும், அப்பால நடந்துக்கலாம்."

அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து செய்தி வந்தது: புள்ளி நின்னுடுச்சே, ஏன்?

எனக்கு வியர்த்தது. வேனில் ஏறினால் புள்ளி ஓடும். ஏறாவிட்டால் நிற்கும். இரண்டில் எது நடந்தாலும் அம்மா அன்று மாலையே செருப்பைக் கழற்றிவிட்டு மயிலாப்பூரிலிருந்து கிளம்பிவிடுவாள். எனக்காகத் தண்ணீர் வாங்கிக்கொண்டு திரும்பி வந்த வெங்கட் முன்னால் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கால், ஒரு கொப்புளம்கூட இல்லை. என் கைபேசியை அவன் கையில் வைத்தேன்.

"பொய் சொல்லச் சொல்றியேடா" என்றான்.

"நீ எதுவும் சொல்ல வேணாம். தூக்கிட்டு மட்டும் வா. ஒரே ஒரு நாள். எங்கம்மா முட்டியை நினைச்சுப் பாரு மச்சி."

அவன் முட்டியை நினைத்துப் பார்த்தான். நல்லவன். என் கைபேசியைத் தன் இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு நடந்துபோனான். நான் வேனில் அரிசி மூட்டைமேல் சாய்ந்துகொண்டேன். அப்போது வந்த காற்று இருக்கிறதே, அது மாதிரி ஒரு கடற்காற்றை நான் வாழ்நாளில் வாங்கியதில்லை.

ஒரு நாள் என்றது எட்டு நாள் ஆனது. மூன்றாவது நாளே கால் ஆறிவிட்டது என்ற உண்மையை இங்கே முதன்முறையாக எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்குள் எனக்கு வேனில் ஒரு பதவி கிடைத்துவிட்டது. சூசை அண்ணனுக்கு வெங்காயம் நறுக்குவது, பிறகு உப்பு பார்ப்பது. நாற்பது பேருக்குக் கொதிக்கும் சாம்பாரில் உப்பு பார்ப்பது ஒரு கரண்டியில் முடிகிற வேலை இல்லை. சாதத்தோடு பார்க்க வேண்டும். ரவா கிச்சடி என்றால் சட்னியோடும் பார்க்க வேண்டும், சட்னி இல்லாமலும் பார்க்க வேண்டும். "நைனா, உப்பு பாத்துகினே பாதி அண்டா காலி பண்ட்டியே" என்று அவர் சிரிப்பார். மாலையில் மற்றவர்கள் தள்ளாடிக்கொண்டு வந்து சேரும்போது நான் சுண்டலோடு வரவேற்பேன். அவர்கள் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவேன். எல்லோரும் என்னை வாழ்த்தினார்கள். ரொம்ப சுகமான பாதயாத்திரை.

கைபேசி என்னவோ ஒழுங்காக நடந்தது. மாலையில் என்னிடம் வரும், நான் அம்மாவிடம் பேசுவேன், காலையில் மறுபடி வெங்கட்டோடு கிளம்பிவிடும். சிக்கல் மதியத்தில்தான். பன்னிரண்டு மணிக்கு அம்மா போன் செய்து ஜெபமாலை சொல்வாள். முதல் பாதி அவள் சொல்ல, பின் பாதியை நான் சொல்ல வேண்டும். நடக்கும்போது மூச்சு வாங்கும், மெதுவாகத்தான் சொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். ரீகன் தேர் இழுப்பதால் அவனால் முடியாது. எனவே வெங்கட் பின் பாதியை உள்ளங்கையில் எழுதிவைத்துக்கொண்டு, மரக்காணம் தாண்டிப் போகும் சாலையில், ஐம்பத்து மூன்று முறை சொன்னான். சின்ன வயதில் அவனுக்குச் சுலோகம் சொல்லிக்கொடுத்து வளர்த்தவர்கள். மூன்றாம் நாளே உள்ளங்கை தேவைப்படவில்லை, லேசாக ராகமும் வந்துவிட்டது.

"நடக்க நடக்கப் பையனுக்குக் குரல்லயே பக்தி வந்துடுச்சு" என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் அம்மா அம்மாதான். ஐந்தாம் நாள் மாலை போனில் கேட்டாள்: "ஏன்டா, புள்ளி விடிகாலை நாலு மணிக்கே நகருதே, நீயாவா எழுந்துக்கிற?" யாத்திரை என்றால் அப்படித்தான் அம்மா என்றேன். "டீக்கடையில கூட நிக்க மாட்டேங்குதே. உடம்பு சரியில்லையா?" டீயை விட்டுவிட்டேன் என்றேன். அன்றைக்கு நாலாவது டீ அப்போது என் கையில் இருந்தது. "நீயா டீயை விட்டே?" என்றாள். நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் குழு சிதம்பரத்துக்குள் நுழைந்தது. ஊருக்கு வெளியே ஒரு மண்டபத்தில் மதியச் சமையல். அங்கே வரவேண்டிய வெங்கட், வழியில் கோபுரத்தைப் பார்த்தான். பார்த்தவனுக்குக் கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அவனைக் குறை சொல்லவே முடியாது. சிதம்பரம் வரை வந்துவிட்டு நடராஜரைப் பார்க்காமல் போனால் அவன் அம்மாவிடம் என்ன பதில் சொல்வான்? ஒரு தரிசனம், அரை மணி நேரம், ஓடிவந்து சேர்ந்துகொள்ளலாம் என்று நினைத்திருக்கிறான். ஒன்று மறந்துபோனான். அவன் இடுப்பில் நான் இருந்தேன்.

மயிலாப்பூரில் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறாள். காவி கட்டி, மாதாவைப் பார்க்கக் கிளம்பிய மகன், கோயிலுக்குள் நுழைகிறான். பிராகாரத்தில் ஒரு சுற்று சுற்றுகிறான். சன்னதிக்கு நேரே போய் நின்றுவிடுகிறான். பத்து நிமிடம் நிற்கிறான். இருபது நிமிடம் நிற்கிறான். அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். அப்பா பார்த்துவிட்டு, "எல்லா இடத்துலயும் சொல்லிவைக்கிறான் போல. எனக்கு நல்லதுதானே" என்றாராம்.

அம்மா போன் செய்தாள். வெங்கட் கூட்டத்துக்கு நடுவில், தீபாராதனைக்கு முந்தைய நிமிடத்தில், கையும் ஓடாமல் காலும் ஓடாமல் எடுத்திருக்கிறான்.

"ஜெரி, எங்கடா இருக்க?"

மணிச் சத்தம் மட்டும்.

"யாருப்பா நீ?"

வேறு எந்த இடமாக இருந்தாலும் வெங்கட் சமாளித்திருப்பான். ஆனால் எதிரே சாமி நிற்கிறது. அங்கே நின்றுகொண்டு அவனால் பொய் சொல்ல முடியவில்லை. "நான் வெங்கட், ஆன்ட்டி" என்றான். ஜெரி எங்கே என்று அம்மா கேட்டாள். "வேன்ல." எத்தனை நாளாக என்று கேட்டாள். "உத்தண்டிலேர்ந்து." அம்மா போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகும் அவன் தீபாராதனை பார்த்துவிட்டுத்தான் வந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலை அம்மாவுக்கு நான் எத்தனை முறை போன் செய்தேன் என்று தெரியாது. எடுக்கவில்லை. கடைசியில் அப்பாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: அம்மா உன்னிடம் பேசமாட்டாளாம். நாளைக்குச் சீர்காழிக்கு வருகிறோம். வெங்காயம் நறுக்கும்போது கையைப் பார்த்துக்கொள்.

மறுநாள் மதியம். சீர்காழி தாண்டி ஒரு தோப்பில் அடுப்பு மூட்டியிருந்தோம். நடந்து வருகிறவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஆட்டோ ஒன்று வந்து நின்றது. நான் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்கிறீர்களா? உப்புதான். பழக்கதோஷம்.

அப்பா முதலில் இறங்கினார். என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "நடந்து இளைச்சுப் போயிருப்பேன்னு நினைச்சேன்" என்றார். (ஊருக்குப் போய் எடை பார்த்ததில் சரியாக நாலு கிலோ ஏறியிருந்தது.)

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். தெற்குப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தாள். தார் ரோடு கொதித்தது. ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து திரும்பியது. நான் கரண்டியோடு பின்னால் ஓடினேன்.

"அம்மா, வேணாம்மா. தப்புதாம்மா. நான் நடக்குறேன்மா."

"என் வாயில வந்த வார்த்தை. உங்கப்பாவைக் குடுத்துட்டாங்க அவங்க. நான் குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டு வர்றேன். நீ போய் உன் வேலையைப் பாரு."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "அப்படின்னா நானும் வர்றேன். நெஞ்சு என்னோடதுதானே" என்று கிளம்பினார். அம்மா திரும்பாமலே, நீங்கள் மரியாதையாக நிழலில் போய் உட்காருங்கள் என்று ஒரு அதட்டல் போட்டாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

நாற்பது ஐம்பது அடிதான் போயிருப்பாள். ஒரு மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அழாதவள் அங்கே அழுதாள். எனக்கு அந்த இடத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. வேடிக்கையாகத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஆனால் அந்த மைல்கல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வராது.

அப்போதுதான் தேர் வந்தது. பின்னால் வெங்கட், முகம் கறுத்து, கன்னம் ஒட்டி, கடிகாரம் கட்டிய இடத்தில் மட்டும் வெள்ளைப் பட்டை. அம்மாவைப் பார்த்ததும் தன் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு, கொதிக்கிற ரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"எழுந்திருப்பா, சுடப்போகுது" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நீ முழுக்க நடந்தியா?"

"ஆமாம் ஆன்ட்டி. ஒரு அடிகூட வண்டில ஏறல."

"எதை நினைச்சுக்கிட்டு நடந்தே?"

வெங்கட் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். "மொதல்ல கணக்குக்குத்தான் ஆன்ட்டி நடந்தேன். அப்புறம் நீங்க தினம் மத்தியானம் அங்கிள் பேரைச் சொல்லிச் சொல்லி ஜெபம் பண்ணுவேளே, அதைக் கேட்டுண்டே வந்தேனா, நானும் அவரையே நினைச்சுண்டு நடக்க ஆரம்பிச்சுட்டேன். நேத்திக்கு நடராஜர்கிட்டயும் அவருக்குத்தான் வேண்டிண்டேன். அதான் லேட் ஆயிடுத்து."

மரத்தடியில் அப்பா மூக்கை உறிஞ்சினார். பிறகு அம்மா வெங்கட்டின் தலையில் கையை வைத்தாள். ஆஸ்பத்திரியில் என் தலையில் வைத்தாளே, அதே மாதிரி.

"மாதாகிட்ட நான் என் மகன் நடந்தே வருவான்னுதான் சொன்னேன்" என்றாள். "இவன் நடந்து வந்துட்டான். நேர்ச்சை முடிஞ்சுது."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்படியென்றால் நான் யார் என்று கேட்டேன்.

"நீயா? நீ இன்னிக்குத்தான் கிளம்புற" என்றாள் அம்மா. "கரண்டியைக் குடுத்துட்டு வெறுங்காலா முன்னாடி நட."

சீர்காழியிலிருந்து வேளாங்கண்ணி எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது. மூன்று நாள். அம்மா வேனில் முன் இருக்கையில் சூசை அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இனிமேல் போனும் வேண்டாம் புள்ளியும் வேண்டாம், நேரிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். வேன் எனக்குப் பத்தடி பின்னால், என் நடைக்கு ஏற்ப ஊர்ந்து வந்தது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சூசை அண்ணன், "அம்மா, மைக்கு கீது, ஜபம் சொல்றியா?" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அம்மாவுக்கு மைக்கைக் கீழே வைக்கத் தெரியாது. ஜெபமாலையில் பத்து மணிகள் உருண்டு முடியும்போதெல்லாம் ஒலிபெருக்கி கடற்கரைச் சாலை முழுக்க என்னைப் பற்றிப் பேசியது. ஜெரி, ஓரமா போ, லாரி வருது. ஜெரி, தண்ணி குடி. ஜெரி, நொண்டாத, கால் நல்லாத்தான் இருக்கு. டீக்கடையைப் பார்த்து நான் லேசாகத் திரும்பினால், "டீயை விட்டுட்டேன்னு சொன்னியே" என்று நாலு ஊருக்குக் கேட்டது. முன்னாலும் பின்னாலும் ஆயிரக்கணக்கான பக்தர்கள். தரங்கம்பாடி வருவதற்குள் அத்தனை பேருக்கும் என் பெயர் தெரிந்துவிட்டது. காரைக்காலில் முன்பின் தெரியாத ஒரு அம்மா என் தோளைத் தட்டி, "ஜெரி தம்பி, பின்னாடி அம்மா கூப்பிடுறாங்க பாருப்பா" என்றார்.

இரண்டு பக்கமும் வெங்கட்டும் ரீகனும் நடந்தார்கள். ரீகனுக்கு அன்றுதான் முழுக் கதையும் தெரியும். நாகப்பட்டினம் வரை சிரித்துக்கொண்டே வந்தான். என் காலில் மறுபடி கொப்புளம் வந்தது. நின்றால் மைக் பேசும் என்பதால் நிற்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கடைசி நாள் விடியற்காலையில் தூரத்தில் கோபுரம் தெரிந்தபோது, பின்னால் அம்மாவின் குரல், பக்கத்தில் இவர்கள் இரண்டு பேரும், அப்பா வேன் ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டு வருகிறார். அந்த அளவுக்கு நிம்மதியாக நான் அதற்குமுன் எப்போதும் இருந்ததில்லை. மணலில் அம்மா வேனிலிருந்து இறங்கி எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு கோயில்வரை நடந்தாள். தெருக்காரர்கள் கொடுத்த மெழுகுவத்திகளை நான் ஏற்றினேன். அப்பா பெயரில் வாங்கியதை மட்டும் வெங்கட் ஏற்றட்டும் என்றாள் அம்மா.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வெங்கட்தான் மூத்த மகன். (என்னைவிட இரண்டு வயது சின்னவன் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.) கிறிஸ்துமஸ் கேக்கில் முதல் துண்டு, முட்டை சேர்க்காதது, அவனுக்குத்தான். தி.நகரில் நடந்த அவன் கல்யாணத்தில் அவன் அம்மாவுக்குப் பக்கத்திலேயே என் அம்மாவும் மேடையில் நின்றாள். ஆன்ட்டி என்று கூப்பிட்டவன் இப்போது அம்மா என்கிறான். அம்மாவும் புது நேர்ச்சைகளை அவன் காலை நம்பித்தான் வைக்கிறாள். எனக்குக் கொஞ்சம் வருத்தமும், நிறைய ஆறுதலும்.

போன மாதம் எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். பொய் சொல்லவில்லை, நானேதான் நடக்கிறேன், வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், இந்த இரண்டு காலால். நேற்று காலை எட்டாயிரம் அடி தாண்டியதும் தாங்க முடியாத பெருமையில் கைபேசியை அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தன் கைபேசியை எடுத்து வெங்கட்டைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இந்த எட்டாயிரம் நீ நடந்ததா?"

அவன் இல்லம்மா, நான் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னது எனக்கே கேட்டது. அவன் எனக்காக மறைக்கிறான் என்றே அம்மா எடுத்துக்கொண்டாள்.

"பாவம்டா நீ. ஆபீஸ் வேலையோட இதையும் உன் தலையில கட்டிட்டானா?"